இரண்டு அறை, இரண்டு திறப்பு

வெள்ளிக்கிழமை, காலை ஆறேகால்.

1986ஆம் ஆண்டு மாசி மாதம். சில்க்போர்க் ரயில் நிலையத்துச் சுவரில் இருந்த வெப்பமானி சைபருக்குக் கீழே பதினொன்று காட்டியது. கொப்பன்ஹேகனுக்கு ஒருவழிச் சீட்டு நூற்றி நாற்பத்தெட்டுக் குறோனர். சீட்டை வாங்கி உள்பையில் வைத்தேன். அது அங்கேதான் இருக்கிறதா என்று நாலுதரம் தொட்டுப் பார்த்துவிட்டு ரயில் ஏறினேன். என் சுபாவம் அப்படி. வீட்டைப் பூட்டி மூன்று மாடி இறங்கி வந்து, பூட்டினேனா என்று பார்க்க மறுபடியும் மூன்று மாடி ஏறுகிறவன் நான். டென்மார்க்குக்குப் புதிதாக வந்திருக்கிற எங்கள் ஆட்களுக்குப் பிரயோசனமாக இருக்கும், எழுது என்று சஞ்சிகைக்காரர் கேட்டார்கள். அதனால் கட்டணத்தையும் தூரத்தையும் சரியாகவே எழுதுகிறேன். மிச்சத்தை வாசித்து நீங்கள் சிரிக்கலாம். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

ஊர் பார்க்க நான் போகவில்லை. மரத்தளபாடத் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் கதிரைக்கால் கடைகிறவன் எர்னான், சிலி நாட்டுக்காரன். ஒன்பது வருடமாக இங்கே தனியாக இருக்கிறான். அவன் மனைவி எலேனா, படுக்கையில் கிடந்த தகப்பனைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே நின்றுவிட்டாள். தகப்பன் காலமாகி இப்போதுதான் வருகிறாள். அவள் விமானம் ஏறப் போகிற கிழமையில் பார்த்து இவன் தொழிற்சாலை வாசலில் பனியில் சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான்.

நான் ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழத்தோடு போனேன். அவன் பழத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"நீ போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா. எனக்கு வேறு ஆள் இல்லை."

"ஓம்" என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நடுவில் கடல் கிடக்கிறது நினைவுக்கு வந்தது.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். நாங்கள் இருக்கிற யூட்லாண்டுக்கும் கொப்பன்ஹேகனுக்கும் நடுவில் கடல். நூபோர்க் என்ற துறையில் ரயில், பெட்டிகளோடு அப்படியே கப்பலுக்குள் ஏறும். இருபத்தைந்து கிலோமீற்றர் கடலைக் கடந்து கொர்சூரில் இறங்கி மறுபடியும் ஓடும். மொத்தம் ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலம். கடல் உறைந்தால் கப்பல் நிற்கும். அந்த மாசி உறைகிற மாசி.

மறுநாளும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "கப்பல் நின்றால்?" என்று கேட்டேன். அதற்கடுத்த நாளும் அதையே கேட்டேன். எர்னான் காலில் மாக்கட்டோடு தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"நின்றால் ஓட்டலில் தங்கு. வரவேற்பு மேசையில் டேனிஷில் கேள். கேட்டதை அப்படியே அவளுக்கு ஸ்பானிய மொழியில் சொல்லு. முன்பின் தெரியாத ஆம்பிளை தன்னை எங்கே கொண்டுபோகிறான் என்று அவள் பயப்படக்கூடாது. நான் சொல்லித் தருகிறேன், பாடமாக்கு."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் பாடமாக்குவது ஒன்றுதான் கைவந்த வித்தை. நான் படித்ததை உங்களுக்கும் தருகிறேன். ஸ்பெயினுக்குப் போகிறவர்களுக்கு உதவும். 'ஊனா அபிதாசியோன் பாரா லா செஞோரா' என்றால் அம்மாவுக்கு ஒரு அறை. 'இ ஓத்ரா பாரா மி' என்றால் எனக்கு வேறொன்று. 'தோஸ் லியாவெஸ், போர் ஃபவோர்' என்றால் தயவுசெய்து இரண்டு பூட்டுத் திறப்பு. 'எல் தெஸாயூனோ எஸ்தா இன்க்லுயிதோ' என்றால் காலைச் சாப்பாடும் சேர்த்தி. எர்னான் சொல்லித் தந்தது இன்னும் நிறைய: எத்தனையாம் மாடி, சுடுதண்ணீர் வருமா, காலையில் எழுப்பிவிடுவீர்களா. எனக்கு மனதில் நின்றதெல்லாம் 'தோஸ் லியாவெஸ்' தான். இரண்டு திறப்பு. அது பிழைக்கக்கூடாது.

காலை ஒன்பதரை, கப்பலில்.

பனிக்கட்டிகள் கப்பலின் அடியில் நெரிந்து உடைகிற சத்தம், மாடு வைக்கோல் மெல்லுகிற மாதிரி இடைவிடாமல் கேட்டது. ஒரு மணித்தியாலப் பயணம் இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கோப்பி எட்டரைக் குறோனர், ஆறிப்போய் இருந்தது. நான் கண்ணாடி ஓரமாக இருந்து வெள்ளைக் கடலைப் பார்த்தபடி, எனக்கு வரக்கூடிய கேடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெரிய கேடு எது என்று சொல்லவேண்டும். கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் இஷொயில் குடும்பமாக இருக்கிற ஜெயசீலன் அண்ணையின் தங்கை சுகந்திக்கும் எனக்கும் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். சுகந்தி மானிப்பாயில் இருந்தாள். படங்கள் கைமாறியாகிவிட்டன. அண்ணை என்னை ஒரேயொருதரம், எஸ்பியர்க்கில் நடந்த செபக்கூட்டத்தில் கண்டிருந்தார். "பெடியன் பயந்தவன், ஆனா ஒழுக்கமானவன்" என்று சொன்னாராம். உயிர்த்த ஞாயிறுக்குள் முடிவு சொல்வதாகப் பேச்சு. எனக்கு முப்பத்திரண்டு வயது. தகப்பன் இல்லை, படிப்பு இல்லை. கையிருப்பென்று இருந்தது அண்ணை சொன்ன அந்த ஒரு சொல்தான். அதையும் வைத்துக்கொண்டு, இன்னொருத்தன் பெண்சாதியைக் கூட்டி வர, அண்ணை வேலை செய்கிற பட்டினத்துக்கே போய்க்கொண்டிருந்தேன்.

பிற்பகல் மூன்றே முக்கால், விமான நிலையம்.

கொப்பன்ஹேகன் மத்திய நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குப் பஸ், பதினெட்டுக் குறோனர். எலேனா மாறி ஏறின மட்ரிட் விமானம் ஒன்றே முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தது. எலேனாவின் பெயர் எழுதிய மட்டையை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிழை செய்த பொடியளை வாங்கில் ஏற்றி நிறுத்துவார்களே, அப்படி இருந்தது.

எலேனாவுக்கு நாற்பது வயது இருக்கும். குட்டையான பெண், இந்தக் குளிருக்குப் பற்றாத மெல்லிய மேலங்கி. கறுத்த தலைமயிர், மண்ணிறத் தோல். தூரத்தில் நின்று பார்த்தால் யாழ்ப்பாணத்துப் பெண் என்றே சொல்லலாம். அதுதான் எனக்கு முதல் இடி. இரண்டு கையிலும் வார் கட்டிய இரண்டு தோல் பெட்டி. மட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள். பின்னால் எர்னான் இல்லை. அவன் எழுதித் தந்த கடிதத்தை நீட்டினேன். வாசித்தாள். கண் கலங்கியது. பிறகு 'சறுக்கி விழுந்தான்' என்ற இடத்தில் போலும், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்த கையோடு எட்டி என் கன்னத்தில் ஒரு முத்தம் தந்தாள்.

அவர்கள் நாட்டில் வணக்கம் அப்படித்தானாம். எர்னான் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. நான் கன்னத்தைத் துடைக்கவும் முடியாமல், துடைக்காமல் இருக்கவும் முடியாமல், மண்டபம் முழுக்க ஒரு சுற்றுப் பார்த்தேன், எங்கள் முகம் ஏதும் தெரிகிறதா என்று. தூரத்தில் ஒரு கறுத்த மனிதர் தரை கூட்டிக்கொண்டிருந்தார். அவர் தமிழர் அல்ல என்று உறுதியாகும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.

அந்த இடத்தில் நான் ஒரு முடிவு எடுத்தேன். எட்டத்தில் நடப்பது. நான் முன்னால், அவள் பின்னால். ஆர் கண்டாலும் இரண்டு தனித்தனி ஆட்கள். பெட்டியைத் தூக்கினால் பக்கத்தில் நடக்கவேண்டி வரும், பக்கத்தில் நடந்தால் பார்க்கிறவனுக்கு ஒரே அர்த்தம்தான். ஆகவே பெட்டியைத் தூக்கவில்லை. என் கையில் ஒரு சின்னத் தோள்பை மட்டும், உள்ளே இரண்டு வாழைப்பழமும் ஒரு துவாயும்.

மாலை ஐந்தேகால், மத்திய நிலையம்.

பெரிய மண்டபத்தில் சனம் முட்டி நின்றது. ஒலிபெருக்கி டேனிஷில் சொன்னதை நான் மூன்றாவது தரத்தில்தான் முழுதாகப் பிடித்தேன்: கடலில் பனி, காலைவரை கப்பல் இல்லை. நான் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. பயந்தது நடந்தால் பயப்படுகிறவனுக்கு ஒரு திருப்தி வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? இஷொய் அங்கிருந்து பதினெட்டுக் கிலோமீற்றர். நகர ரயிலில் அரை மணித்தியாலமும் இல்லை. ஜெயசீலன் அண்ணை எஸ்பியர்க்கில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர்: "கொப்பன்ஹேகன் பக்கம் வந்தா வீட்டை வராமல் போகக்கூடாது, சொல்லிப்போட்டன்." ஆனால் கலியாணம் பேசுகிற வீட்டுக்கு, முதன்முதலாக, அதுவும் பொழுதுபட்ட பிறகு, இன்னொருத்தன் பெண்சாதியோடு போய் மணி அடிப்பதா? கதவைத் திறக்கிற அண்ணையின் மனைவி றஞ்சி அக்கா என்ன நினைப்பா? இல்லை. ஓட்டல்தான்.

நிலையத்துக்குப் பின்னால் இஸ்தெகேட என்ற தெரு. ஓட்டல்கள் அந்தப் பக்கம்தான் மலிவு என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தத் தெருவின் மற்ற வியாபாரத்தைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கடைகள், கடைக்குள் மானம் மரியாதை இல்லாத படங்கள். சிவப்பு விளக்கு. வாசல்களில் பெண்கள் குளிரில் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். எலேனா பெட்டிகளை வைத்து மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் நானும் முன்னால் நிற்பேன். நிற்கிறவன் எங்கேயாவது பார்க்கவேண்டுமே. கடைக் கண்ணாடியைப் பார்க்க வழியில்லை. பெண்களைப் பார்க்க வழியில்லை. திரும்பி எலேனாவைப் பார்த்தால் கூட வந்தவன் என்று தெரிந்துவிடும். ஆகவே வானத்தைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்து நடந்து ஒருதரம் வழுக்கி, விளக்குக் கம்பத்தைப் பிடித்துத் தப்பினேன். பின்னால் எலேனா ஏதோ கத்தினாள், அக்கறையாகத்தான். நான் கேளாதவன்போல நடந்தேன்.

முதல் ஓட்டலில் இடமில்லை. கப்பல் நின்றதால் சனமெல்லாம் அங்கேதான். இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதின் பெயர்ப்பலகையைக் கண்டதும் எனக்குக் கால் நின்றுவிட்டது. ஜெயசீலன் அண்ணை வேலை செய்கிற ஓட்டல் அது. பெயரை எனக்கு அவரே சொல்லியிருக்கிறார், அறை துப்புரவாக்குகிற வேலை. ஆனால் காலை வேலை, இரண்டு மணிக்கு முடிந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார். ஆறரை மணிக்கு அவர் இஷொயில் சாப்பாட்டு மேசையில் இருப்பார். நான் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றபோது எலேனா வந்து சேர்ந்தாள். அவளுடைய உதடு நீலமாக இருந்தது. உள்ளே போனோம்.

மேசையில் மீசை வைத்த ஒரு டேனிஷ் இளைஞன். ஒற்றை அறை இருநூற்றி நாற்பத்தைந்து, குளியல் நடைபாதைக் கோடியில். நான் டேனிஷில் இரண்டு அறை கேட்டேன். உடனே எலேனா பக்கம் திரும்பி, பாடமாக்கினபடி சொன்னேன்: "ஊனா அபிதாசியோன் பாரா லா செஞோரா. இ ஓத்ரா பாரா மி. தோஸ் லியாவெஸ்."

எலேனாவின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. வந்திறங்கியதிலிருந்து அவளோடு ஒருவரும் அவளுடைய மொழியில் பேசவில்லை.

"பக்கத்துப் பக்கத்து அறை தரட்டுமா?" என்று இளைஞன் கேட்டான்.

"இல்லை! வேறு வேறு மாடி."

"வேறு மாடியா?"

"ஓம். தூரமாக. தோஸ் லியாவெஸ்."

பயத்தில் மொழி மாறிவிட்டது. அவனுக்கு விளங்கவில்லை. நான் இரண்டு விரலைக் காட்டி இன்னும் சத்தமாகச் சொன்னேன்: "தோஸ் லியாவெஸ், போர் ஃபவோர்!"

"ஸீ, ஸீ, தோஸ் லியாவெஸ்" என்று எலேனாவும் எனக்கு ஒத்தாசையாக இரண்டு விரலைக் காட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் இரண்டிரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு நிற்க, லிஃப்ட் திறந்தது. வெள்ளைத் துணி மலைபோலக் குவிந்த ஒரு தள்ளுவண்டி வெளியே வந்தது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆரது? தம்பியே?"

என் இரண்டு விரலும் அப்படியே நின்றன. ஜெயசீலன் அண்ணை. மாலை வேலைக்காரனுக்குக் காய்ச்சலாம், இவர் அன்று இரண்டு வேலையும் செய்து முடிக்கிற நேரமாம். அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது அவருடைய கண் மட்டும்தான். என்னைப் பார்த்தது, எலேனாவைப் பார்த்தது, மேசையில் கிடந்த இரண்டு திறப்பையும் பார்த்தது.

"அண்ணை, நான் விளங்கப்படுத்திறன். இவ என்னோட வேலை செய்யிற ஆளின்ர மனுசி. அவனுக்குக் கால் முறிஞ்சு போச்சு. கப்பலும் நிண்டுபோச்சு. பாருங்கோ, ரெண்டு அறை. ரெண்டு திறப்பு. வேற வேற மாடி. நீங்கள் இவரைக் கேளுங்கோ..."

"நான் உம்மட்ட அவ ஆரெண்டு கேட்டனானே?"

"இல்லை அண்ணை."

"கப்பல் நிண்டது எனக்கும் தெரியும். இஷொயில எங்கட வீடு பூட்டியே கிடக்கு?"

"இல்லை அண்ணை, நான் என்னெண்டா..."

"நாங்கள் என்ன செத்தே போனம்? நான் தங்கச்சியைக் குடுக்க யோசிக்கிற ஆள், நான் கூட்டித் துடைக்கிற ஓட்டலில வந்து காசுக்குப் படுக்கிறான். நாளைக்கு உம்மட கட்டிலை விரிக்கிறது ஆர், நான்தானே? நல்லா இருக்கும், என்ன?"

மீசைக்கார இளைஞன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். அண்ணை அவனிடம் மளமளவென்று டேனிஷில் ஏதோ சொன்னார். அவன் சிரித்துக்கொண்டு திறப்புகளைத் திரும்ப ஆணியில் மாட்டினான். அண்ணை எலேனாவின் முன்னால் போய், நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்தார். "வெல்கொம்" என்றார். ஒரு பெட்டியை அவரே தூக்கினார். மற்றதை நான் பாய்ந்து தூக்கினேன். அதன் பாரம் தோளை இழுத்தது. அப்போதுதான் அந்தப் பெட்டிக்குப் பாரம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

இரவு ஏழரை, இஷொய்.

நகர ரயிலில் மூன்று பேருக்கும் அண்ணை தன் பத்துப் பயணச் சீட்டிலேயே மூன்றுதரம் குத்தினார். நான் காசு நீட்ட, "பேசாமல் இரும்" என்றார். வழி முழுக்க என்னோடு அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, ஒரே அச்சில் வார்த்தமாதிரி அடுக்குமாடிகள். இரண்டாம் மாடியில் றஞ்சி அக்கா கதவைத் திறந்தா. அக்காவின் பின்னாலிருந்து ஐந்து வயது மகள் ஷர்மி எட்டிப் பார்த்து, "வெம் எ ஹுன்?" என்று டேனிஷில் கேட்டாள்.

"தமிழில கேளம்மா."

"ஆர் அவ?" என்று ஷர்மி எலேனாவைக் காட்டினாள். பிறகு என்னைக் காட்டி, "இவர் ஆர்?"

"இவர் பயந்து ஓட்டலில ஒளிச்ச மாமா" என்றார் அண்ணை.

புட்டும் மக்ரெல் மீன் குழம்பும். அண்ணை செபம் பண்ணினார், எலேனா சிலுவை போட்டுக்கொண்டாள். நாங்கள் கையால் சாப்பிடுகிறதைப் பார்த்து, கரண்டியை வைத்துவிட்டு அவளும் கையைக் குழம்பில் வைத்தாள். வைத்தவள் "ஆய்!" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

உறைப்பு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். றஞ்சி அக்கா மட்டும் எட்டி அவளுடைய கையைப் பிடித்து விரித்துப் பார்த்தா. உள்ளங்கையில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்த தடம், நடுவில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. மற்றக் கையிலும் அப்படியே.

"இதென்ன கை? என்ன நடந்தது இவவுக்கு?"

நான் புட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எலேனாவுக்குக் கேள்வி விளங்கிவிட்டது. எழும்பினாள். இரண்டு கையிலும் பெட்டி இருக்கிறமாதிரி உடம்பைக் கூனிக்கொண்டு தத்தித் தத்தி இரண்டு எட்டு வைத்தாள். பிறகு கூடத்தின் மற்றக் கோடிக்குப் போய் என்னைமாதிரி நடந்து காட்டினாள். நெஞ்சை நிமிர்த்தி, தோள்பையை அணைத்து, முகத்தை வானத்துக்குத் தூக்கி, பக்கவாட்டில் கண்ணைச் சுழற்றி. வழுக்கிக் கம்பத்தைப் பிடித்ததையும் விடவில்லை. ஷர்மி வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். றஞ்சி அக்காவும் சிரித்தா. எலேனாவின் முகத்தில் கோபமே இல்லை, பகிடியாகத்தான் செய்தாள். அவள் கோபித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அண்ணை சிரிக்கவில்லை.

"பெட்டியில கை பட்டாக் கற்புப் போயிடுமோ தம்பி?" என்று கேட்டுக்கொண்டே அக்கா எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து எலேனாவின் கையில் பூசினா.

"நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவினம் எண்டுதானே?" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை."

"அந்த நாலு பேரும் இஞ்ச ஆர்? இந்தப் பட்டினத்தில உம்மட முகம் தெரிஞ்சது எனக்கு மட்டும்தான். இவள் றஞ்சிக்குக்கூட உம்மைப் படத்திலதான் தெரியும்."

"அந்த நாலு பேரும் நீங்கள்தான் அண்ணை."

 அவர் புட்டுப் பானையை என் பக்கம் நகர்த்தினார்.  அன்று இரவு படுக்க, எலேனாவும் அக்காவும் பிள்ளையும் அறைக்குள், நானும் அண்ணையும் கூடத்தில். அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

சனிக்கிழமை, காலை எட்டு மணி.

கப்பல் ஓடத் தொடங்கிவிட்டது என்று வானொலி சொன்னது. அண்ணை மத்திய நிலையம்வரை வந்தார். இரண்டு பெட்டியையும் நான்தான் தூக்கினேன், எலேனா தடுத்தும் விடவில்லை. மேடையில் ரயில் நிற்க, அண்ணை என்னை ஒரு தூண் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். சுகந்தி வந்திறங்கிற அண்டைக்கு எனக்கு லீவு கிடைக்கேல்லை எண்டு வையும். உம்மைத் தனிய அனுப்பலாமோ?"

அனுப்பலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்தினம் காலையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

"உம்மட மறுமொழி எனக்கு வேண்டாம். நேற்று நடந்ததை ஒண்டும் விடாமல் சுகந்திக்கு எழுதும். நானும் எழுதிறன். வாசிச்சுப்போட்டு அவள் சொல்லட்டும். அவள் ஓமெண்டா எனக்கும் ஓம். இல்லையெண்டா, தம்பி, நான் ஒண்டும் செய்யேலாது."

"சரி அண்ணை."

"சோடிச்சு எழுதாதையும்."

கப்பலில் நான் எலேனாவை மேசையில் இருத்திவிட்டு வரிசையில் நின்றேன். பாண், சீஸ், அவித்த முட்டை, கோப்பி. ஒருவருக்கு இருபத்தொன்பது குறோனர். தட்டை அவள் முன்னால் வைத்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் ஓட்டல் மேசையில் பேசுகிற ஸ்பானிய மொழி. அதற்குள் தேடினேன். கடைசியில், "எல் தெஸாயூனோ எஸ்தா இன்க்லுயிதோ" என்றேன். காலைச் சாப்பாடும் சேர்த்தி.

எலேனா என்னையே பார்த்தாள். பிறகு மேசைக்கு மேலால் கையை நீட்டி என் கையைப் புரட்டிப் பார்த்தாள். வார் பதிந்து சிவந்திருந்தது. தன்னுடைய கையை அதற்குப் பக்கத்தில் வைத்து, தலையை ஆட்டிக்கொண்டு முட்டையை உடைக்கத் தொடங்கினாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கப்பலில் இரண்டு தமிழ்ப் பெடியள் இருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பிற்பகல் இரண்டரைக்குச் சில்க்போர்க். தொழிற்சாலை நண்பன் ஒருவனின் காரில் எர்னான் வந்து, மேடையில் ஊன்றுகோலோடு நின்றான். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு நான் மறுபக்கம் திரும்பி நின்றேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு இரண்டு பேர் சந்திப்பதை வேறொருவன் பார்க்கக்கூடாது. கொஞ்ச நேரத்தில் எலேனா வேகவேகமாக ஏதோ கதை சொல்வதும், எர்னான் ஊன்றுகோல் தட்டச் சிரிப்பதும் கேட்டது. கம்பத்துக் கதை வந்துவிட்டது என்று தெரிந்தது. நான் திரும்பவில்லை.

இந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் வித்தியாசம் எழுதுவது இப்படியான கட்டுரைகளில் வழக்கம். நான் கண்டது இதுதான். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் இரண்டு பெட்டியோடு நின்றால், ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் ஒரு பெட்டியை வாங்கியிருப்பேன். அங்கே அது ஒரு கதையே இல்லை. ஒருவரும் என்னைத் திரும்பிப் பாராத கொப்பன்ஹேகனில்தான், இல்லாத கண்களுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். ஊரைவிட்டு வரும்போது நல்லதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, பயத்தை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் போல.

சுகந்திக்கு எழுதினேன். அவளுக்கு நான் எழுதிய முதற்கடிதம் அது. முத்தத்தை எழுதினேன், இஸ்தெகேடவை எழுதினேன், கையை எழுதினேன். எவ்வளவு எட்டத்தில் நடந்தேன் என்று எழுதுகிற இடத்தில் பேனை நின்றது. 'ஒரு பஸ் நீளம் முன்னால்' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

பங்குனிக் கடைசியில் மறுமொழி வந்தது. ஒரு பக்கம்தான்.

"அண்ணாவின் கடிதமும் உங்கள் கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. நீங்கள் கொஞ்சம் முன்னால் நடந்ததாக அண்ணா எழுதியிருக்கிறார். ஒரு பஸ் நீளம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி அண்ணாவைவிட நீங்களே அதிகம் குறை எழுதியிருக்கிறீர்கள். நான் வருகிற அன்று அண்ணாவுக்கு லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நீங்கள் வாருங்கள்."

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். காது சுட்டது. அன்று இரவே அவளுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். உண்மையில் அது இரண்டு பஸ் நீளம் என்று.